ஏழாம் லேன் தீர்ப்புகள்

கப்பலூர் சுங்கச்சாவடி. இரவு ஷிப்ட்.
எல்லா வண்டி நெற்றியிலும் ஃபாஸ்டேக் வந்தபிறகு
சில்லறை எண்ணிய விரல்கள்
பக்கம் எண்ணுகின்றன.
சூப்பர்வைசருக்குத் தெரியும்.
தெரியாத மாதிரி இருமிவிட்டுப் போவார்.

இந்த வருஷம் முப்பத்தொன்று படித்தேன்.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தத் துப்பறியும் கதை இருக்கிறதே,
கொலைகாரன் ராத்திரி ரெண்டு மணிக்கு
மதுரையிலிருந்து விருதுநகர் போகிறானாம்,
டிக்கியில் பிணத்தோடு,
ஒரு ஈ காக்கை பார்க்கலையாம்.
அடப்பாவி,
நான் எங்கே போனேன்?
வண்டி நம்பர், நேரம், நொடி,
வேர்த்த அவன் மூக்கு வரைக்கும்
கேமராவில் இருக்குமே.
நூற்றெண்பதாம் பக்கத்தில் பட்டென்று மூடி
டேக் படிக்காத ஒரு சிமெண்ட் லாரிக்குத்
தடுப்பைத் தூக்கினேன்.
மறுபடி திறந்தேன், அது வேறு விஷயம்.
யார் கொன்றது என்று தெரியாமல்
எப்படி வீட்டுக்குப் போவது?

சரித்திர நாவல், ரெண்டு பாகம்,
தூக்கிப் படித்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு.
பாண்டியன் குதிரை யானைமலையைச் சுற்றி
நாற்பது பக்கம் ஓடுகிறது.
கொள்ளு யார் வைத்தது, தண்ணி யார் காட்டியது,
ஒரு வரி கிடையாது.
ஆனால் அந்த ஒற்றன், சாமி,
கோட்டைக் கதவில் நகத்தால் அவன்
ஒரு கோடு கீறும் இடம்!
மூன்றாம் லேன் ஷர்புதீனை இன்டர்காமில் கூப்பிட்டு
வாசித்துக் காட்டினேன்.
ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடித்ததெல்லாம்
அந்த நூற்றாண்டில் கேட்கவில்லை.

விருது வாங்கிய கரிசல் நாவலில்
வெயில் நூற்றுப் பதினாறு தடவை வருகிறது.
எண்ணினேன்.
பகல் ஷிப்ட் வாரம் அது, ஃபேன் ரிப்பேர்.
நூற்றுப் பதினேழாவதை
நானே கொடுத்திருப்பேன் அவருக்கு.

காதல் கதையில் அவன்
பதினோரு வருஷம் கடிதம் எழுதுகிறான்,
ஒரு எழுத்துப் பிழை இல்லை.
நம்பவில்லை.
அழுதேன்.

விண்வெளிக் கதை எழுதிய பொண்ணு
சின்ன வயசு போல.
செவ்வாய்க்கு நாலுவழிச் சாலை போடுகிறாள்,
வழியில் ஒரு டோல்கேட் இல்லை.
"அப்ப நம்ம வேலை?" என்றான் ஷர்புதீன்.
அன்றைக்கு ரெண்டு பேருமே
அதற்கு மேல் படிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பேய்க் கதை.
பேய் சுமார்தான். ரிங் ரோட்டில் லிஃப்ட் கேட்கிறது,
முடியை விரிக்கிறது, வழக்கம் போல.
ஆனால் பைண்டிங்கில் எவனோ தூக்கக் கலக்கத்தில்
நூற்றி இருபத்தெட்டாம் பக்கத்துக்கு அடுத்து
வேறேதோ புத்தகத்தின் பதினாறு பக்கத்தைச்
சேர்த்துத் தைத்திருக்கிறான்.

சோழவந்தான் பக்கம் ஒரு கொடிக்கால்.
கிள்ளிய வெற்றிலையைக்
கட்டுக்கு நூறாக அடுக்கும் ஒருத்தி
எண்ணிக்கொண்டே
புருஷனிடம் ஒரு பொய் சொல்லத் தொடங்குகிறாள்.
எண்பத்து மூன்றில் நிறுத்தி
அவன் முகத்தைப் பார்க்கிறாள்.
அவ்வளவுதான்.
அடுத்த பக்கம் புரட்டினால்
பேய் பல்லைக் காட்டுகிறது.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா.
கடைகடையாகக் கேட்டேன்.
தலைப்பு? தெரியாது.
எழுதியவர்? தெரியாது.
பதிப்பகம்? பேயைக் காட்டினேன்.
கடைசி வரிசையில் ஒரு பையன்
"டேமேஜ் காப்பிக்கா, மாத்தித் தாரேன்" என்று
நல்ல பேயை நீட்டினான்.
பழையதை
ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஷிப்டில்
எண்பத்து மூன்றாவது வண்டி வரும்போது
தலை தானாக நிமிர்கிறது.
நேற்று அது ஒரு கோழி வண்டி.
"என்னக்கா பாக்குறீக?" என்றார் டிரைவர்.
"ஒண்ணுமில்ல, போங்க."
அதுவும் பொய்தான்.
தடுப்பு மெதுவாக ஏறியது.